ஆசிக்குப் பிறகு கேட்கக்கூடாத கையெழுத்து

1

இந்தக் கதை எனக்கு ஒரு விருந்துச் செய்தியாகக் கிடைத்தது. கிடைத்தது என்பது நாகரிகத்துக்குச் சொல்வது. சிகாகோவில் என் வீட்டுக் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் கிர்கிஸ் பெண் புரூல், "அக்கா, இதையும் எழுதிடாதீங்க" என்று சொன்ன பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

பனி பெய்துகொண்டிருந்த அந்த மாலையில் புரூல் ஜன்னலோரம்—

வேண்டாம். அமெரிக்கா என்றாலே பனியைக் கொட்டிவிடுவது என் கெட்ட பழக்கம். அன்று நல்ல வெயில்.

புரூலுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, பணம் கிடைக்கவில்லை. இது தேவலை. வைத்துக்கொள்வோம்.

2

வெளிநாட்டு மாணவர்களுக்கு இங்கே அரசாங்கக் கல்விக்கடன் கிடையாது. தனியார் வங்கி தரும், ஆனால் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போடவேண்டும். (கட்டுரை வாடை அடிக்கிறதா? அடிக்கட்டும். இது தெரியாமல் அவள் ஏக்கம் புரியாது.)

புரூலின் சொந்தத்தில் கிரீன் கார்டு வைத்திருப்பவர் ஒருவர்தான்: லாரி ஓட்டும் ஓமுர்பெக் மாமா, அம்மாவின் தம்பி. ஞாயிறன்று அவர் வீட்டில் கறியும் நூடுல்ஸும் சேர்ந்த பெஷ்பர்மாக் விருந்து. கறி வெந்து இறங்கியதும் புரூல் விஷயத்தைச் சொன்னாள்.

"கையெழுத்துதானே? கண்ண மூடிக்கிட்டுப் போடுறேன் கண்ணு," என்றார் மாமா.

"மொதல்ல கண்ணத் தொறந்து படிச்சுப் பாருங்க," என்றாள் அத்தை. "வீடு வாங்க லோன் கேட்டிருக்கோம். இவளுக்கு ஜாமீன் போட்டா நமக்கு எவன் குடுப்பான்?"

மாமா இரண்டு கைகளையும் ஏந்தினார். எல்லாரும் ஏந்தினார்கள். "எம் பொண்ணு டாக்டராகட்டும், அவ கை பட்ட எடமெல்லாம் குணமாகட்டும். ஓமின்." எல்லாரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள்.

அவ்வளவுதான். அவர்கள் வழக்கத்தில், ஆசி சொல்லியாகிவிட்டால் பந்தி முடிந்தது. அதற்கு மேல் ஒரு வாய் சாப்பிடுவதுமில்லை, முடிந்த பேச்சை மறுபடி எடுப்பதுமில்லை. எடுத்தால் பெரியவர் வாக்கைச் சந்தேகப்பட்டதாக ஆகும். புரூல் பைக்குள் இருந்த விண்ணப்பத்தோடு வீடு திரும்பினாள்.

3

முதல் பிரதியில் மாமாவைத் தந்திரக்காரராக எழுதிவிட்டேன். படித்துக் காட்டியதும் புரூலுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மாமா ஏமாத்தலக்கா. அவருக்கு எம் மேல பாசமும் இருக்கு, அத்தை மேல பயமும் இருக்கு. ரெண்டையும் சேத்துதான் ஆசி குடுத்தாரு."

"அப்ப நேராப் போயிக் கேளேன்."

"ஆசி வாங்கின அப்புறமா? எங்கம்மா எங்க ஊரு நரின்லேருந்து நடந்தே வந்து என்னை அடிப்பாங்க."

சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அவள் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் குழாய்களில் வரும் ரத்த மாதிரிகளைப் பரிசோதிக்கிறாள். ஒவ்வொரு குழாயின் மேலும் ஒரு பெயர் ஒட்டியிருக்கும்.

"அந்த ஆளுக்கு அப்புறம் என்னாச்சுன்னு தெரியாமலே போயிடுதுக்கா. ஒரே ஒரு தடவை கதவுக்கு அந்தப் பக்கம் போயி, இப்ப எப்படி இருக்குன்னு அவங்ககிட்டயே கேக்கணும்."

இந்த இடத்தில் அழகாக ஒரு வரி சேர்க்கப் பார்த்தேன். வரவில்லை.

4

முடிவு ஒன்று: மாமா லாரியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு ஓடிவந்து கையெழுத்துப் போடுகிறார். (சினிமா. அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: கல்லூரியே உதவித்தொகை தருகிறது. (கேட்டுப் பார்த்துவிட்டாள். வெளிநாட்டவருக்கு இல்லையாம்.)

முடிவு மூன்று: புரூல் பெட்டியைக் கட்டிக்கொண்டு நரினுக்குத் திரும்பி, அங்கே அம்மாவிடம்—

5

இந்நேரம் நீங்கள் கேட்டிருப்பீர்கள்: இந்தக் கதையில் குடியுரிமை உள்ளவர் வேறு யாருமே இல்லையா?

இருக்கிறார். ஆரம்பத்திலிருந்து 'நான்', 'நான்' என்று பேசிக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். புரூல் என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதை அவளுடைய மரியாதை என்று மெச்சிக்கொண்டே நான்கு பகுதிகளை ஓட்டிவிட்டேன். அவளால் கட்டமுடியாமல் போனால் வங்கி என் கழுத்தைப் பிடிக்கும். வயதான காலத்துக்கென்று சேர்த்தது போய்விடும். பயமாகத்தான் இருக்கிறது.

கடன் விண்ணப்பத்துக்கு நாளையோடு கெடு முடிகிறது. கீழேயிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை வருகிறது. "அக்கா, சாப்பிட வாங்க," என்று கூப்பிடுகிறாள்.

சாப்பிட்டு முடித்ததும் அவள் கையேந்துவாள். அங்கே வயதில் மூத்தவள் நான், ஆசி நான்தான் சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் அப்புறம் பேச்சில்லை.

இதோ, படியிறங்குகிறேன். பேனாவை எடுத்துக்கொண்டேனா, மேசையிலேயே விட்டுவிட்டேனா என்பதை நீங்கள்தான் எழுதவேண்டும்.