காகிதத்தில் மட்டும்

"பேப்பர்ல மட்டும்தான் இஹ்சான். வீட்டுல ஒண்ணும் மாறாது," என்றான் பக்ரி.

இஹ்சான் திரும்பவில்லை. சூடேறிய கல்லில் சோள மாவை ஊற்றி, கிஸ்ரா ரொட்டியை மெல்லிதாக இழுத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து சமையலறை வாசலுக்கு வருவதும் போவதுமாக இருந்த புருஷன் இப்போதுதான் வாயைத் திறந்திருக்கிறான்.

பக்ரிக்கு இரண்டு மனைவி: இஹ்சான் மூத்தவள், தமாதுர் இளையவள். புதுச் சட்டம் வந்திருந்தது. அவர்களைப் போலப் பிழைக்க வந்த வெளிநாட்டுக்காரன் இந்த நாட்டில் ஒரு மனைவியைத்தான் வைத்துக்கொள்ளலாம். மற்றவள் ரமலானுக்குள் ஊர் போய்ச் சேர வேண்டும். ஊர் என்றால் சூடானில் ஓம்துர்மான். இஹ்சானின் தெருவில் கூரையோடு ஒரு வீடு மிச்சமில்லை, சண்டையில் எல்லாம் போயிற்று. சட்டம் போட்டவர்கள் இரண்டாம் கல்யாணத்தைத் தடுக்கவில்லை. யாரைத் துரத்துவது என்பதை மட்டும் ஆண்பிள்ளையிடம் விட்டிருந்தார்கள்.

பக்ரி ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். கோர்ட்டில் இஹ்சானுக்குத் தலாக் கொடுப்பது. பிறகு அவளையே தன் வீட்டு வேலைக்காரியாகப் பதிந்து, இங்கேயே இருக்க விசா வாங்குவது.

"தமாதுரை வேலைக்காரின்னு எழுதக் கூடாதா?"

"அவ சின்னப் பொண்ணு. அவ வாப்பாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னே போட்டுருவார்."

"என் வாப்பா மௌத்தானது உங்களுக்கு வசதியாப் போச்சு."

"குத்திக் காட்டாதே. நம்ம ரஸான் இங்க படிக்கிறா. பொண்ணு ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்னு கிடக்கணுமா? உனக்காகத்தான் நான் அலையிறேன்."

உள்ளே தமாதுர் ஏழு மாத வயிற்றோடு கால் நீட்டிப் படுத்திருந்தாள். அவள்மேல் இஹ்சானுக்குக் கோபம் வரவில்லை. அவளைக் கேட்டுக்கொண்டா நிக்காஹ் செய்தார்கள்? ஆனால் ரஸானை விட்டுப் போக அவளால் முடியாது. சரி என்றாள்.

கோர்ட்டில் பக்ரி தலாக் சொன்னான். காழி நிமிர்ந்து பார்த்தார். "விளையாட்டுக்குச் சொன்னாலும் தலாக் தலாக்தான். தெரியுமில்லையா?"

"தெரியும், தெரியும்," என்றான் பக்ரி. விருந்தாளி இன்னொரு கவளம் சாப்பிடாவிட்டால் 'என் பெண்டாட்டி தலாக்' என்று சத்தியம் செய்து ஊட்டுகிற ஊர்க்காரன் அவன். அந்த வார்த்தைக்கு அவன் வாயில் எடையே இருந்ததில்லை.

வேலைக்காரிகளைப் பதியும் அலுவலகத்தில் இருந்த பெண் இஹ்சானிடம் நிதானமாக எடுத்துச் சொன்னாள். "தாழ்ப்பாள் போட்ட தனி ரூம் உங்களுக்கு உண்டு. வெள்ளிக்கிழமை லீவு. ஏதாவது கஷ்டம்னா இந்த நம்பருக்குப் போன் பண்ணுங்க அக்கா."

பத்தொன்பது வருஷம் மனைவியாக இருந்தவளுக்கு இப்படி ஒரு நம்பரை யாரும் கொடுத்ததில்லை. அவளுக்கு அங்கேயே அழுகை வந்தது.

அன்று சாயங்காலம் சாமான் அறையை ஒழித்து, பாயைப் போட்டு, உள்ளே தாழிட்டுக்கொண்டாள். பக்ரி கதவைத் தட்டினான்.

"என்ன கூத்து இது?"

"நான் இத்தாவுல இருக்கேன். தலாக் ஆனவ மூணு மாசம் தனியா இருக்கணும்."

"பைத்தியமா உனக்கு? திரும்ப சேத்துக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது."

"சொல்லுங்க. அப்படியே ஆபீஸ்லயும் போய்ச் சொல்லுங்க, எனக்கு ரெண்டு பெண்டாட்டின்னு."

கதவுக்கு அப்பால் செருப்பொலி விலகிப் போனது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து பக்ரியின் அண்ணன்மார் வழக்கம்போலச் சாப்பிட வந்தார்கள். பெரிய தாம்பாளம் நடுவில் காலியாக இருந்தது. இஹ்சான் வெளுத்த தோப் துணியை உடம்பில் சுற்றிக்கொண்டு, செருப்பும் போட்டு அறையிலிருந்து வந்தாள்.

"சாப்பாடு எங்க?" என்றான் பக்ரி.

"இன்னைக்கு எனக்கு லீவு."

மூத்தவர் சித்தீக் சிரித்துவிட்டார். "பெண்டாட்டிக்கு லீவா? இது எந்த ஊர்ல?"

"பெண்டாட்டிக்கு ஏது லீவு, சித்தீக் காக்கா? நான் வேலைக்காரி. உங்க தம்பிதான் பதிஞ்சு குடுத்தார்."

பக்ரியின் முகம் கறுத்தது. அவன் கை சட்டைப்பையில் இருந்த போன்மேல் போயிற்று. வேலைக்காரி ஓடிவிட்டாள் என்று அவன் ஒரு வார்த்தை பதிந்தால் போதும், போலீஸ் பிடித்து விமானம் ஏற்றிவிடும். அது இஹ்சானுக்குத் தெரியும். ஆனால் தமாதுருக்குப் பிரசவம் பார்க்கவும், பிள்ளையைக் குளிப்பாட்டவும் ஆள் வேண்டும் என்பது பக்ரிக்கும் தெரியும்.

தெருவுக்கு வந்த பிறகுதான், லீவு நாளில் எங்கே போவது என்று தனக்குத் தெரியாதது அவளுக்கு உறைத்தது. பஸ் நிறுத்தத்து நிழலில் வீட்டு வேலைக்காரிகள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் ஒரு எத்தியோப்பியப் பெண் நகர்ந்து இடம் விட்டாள்.

"புதுசா அக்கா? எந்த வீட்டுல வேலை?"

இஹ்சான் உட்கார்ந்தாள். தோபின் முனையால் முகத்தைத் துடைத்தாள்.

"என் வீட்டுலதான்," என்றாள்.