பத்தடி

என் புருஷன் ஃபெர்மீன் இந்த மலைக்குள் போய் மூன்று வருடம் ஆகிறது. மூன்றாம் தளம் இடிந்து விழுந்தது. தோண்டினால் மிச்சமும் சரியும் என்று சொல்லி, உடலை அங்கேயே விட்டுவிட்டார்கள். எனக்கு அந்த வெள்ளிச் சுரங்கத்தின் வாசலில் காவல் வேலை கொடுத்தார்கள். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை, ஒரு நாய். கீழே பொத்தோசி ஊர் முழுக்கத் தெரியும். அங்கிருந்து ஒரு ஈ காக்கா என்னைத் தேடி ஏறி வந்ததில்லை.

சாயங்காலம் ஆனால் வாசலில் உட்கார்ந்து, உள்ளே பார்த்து அவனிடம் பேசுவேன். உருளைக்கிழங்கு உறைந்துபோனது, நாய் நொண்டுவது, எல்லாம். பைத்தியம் என்று சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

செத்தவர்கள் மூன்று வருடம், சகல ஆத்துமாக்கள் திருநாளுக்கு வருவார்கள். முதல் நாள் உச்சிப்பொழுதில் வந்து மறுநாள் உச்சிப்பொழுதில் கிளம்புவார்கள். மேசை போட்டுப் பிடித்ததைப் படைக்க வேண்டும். வெளியாள் ஒருவராவது ஜெபம் சொல்லி, ரொட்டி வாங்கிப் போக வேண்டும். இல்லாவிட்டால் ஆத்துமா பட்டினியாகத் திரும்பும். மூன்றாம் வருடத்தோடு சரி, அப்புறம் வரமாட்டார்கள்.

இரண்டு வருடம் மாமியார் தன் வீட்டில் மேசை போட்டாள். வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவன் அங்கேயா இருக்கிறான்? இந்த வருடம் சண்டை போட்டு, மேசையை இங்கே கொண்டுவந்தேன். சுரங்க வாய்க்குள், பத்தடி உள்ளே.

"போடுடி, போடு. அங்க எவன் வந்து ஜெபம் சொல்றான்னு நானும் பாக்கறேன்," என்றாள் கிழவி.

அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. உள்ளே எல்லாம் தியோவின் ராஜ்ஜியம். கொம்பு வைத்த அந்தக் களிமண் பிசாசுக்குச் சிகரெட்டும் சாராயமும் கொடுத்துத்தான் ஆண்கள் வேலையைத் தொடங்குவார்கள். அங்கே ஆண்டவர் பெயரைச் சொன்னால் மலை இடியும். பெண் நுழைந்தால் வெள்ளி ஒளிந்துகொள்ளும். நான் நுழைந்தேன். என் வெள்ளியே அங்கேதானே கிடக்கிறது!

முதல் நாள் யாரும் வரவில்லை. மறுநாள் காலையில் இரண்டு வெள்ளைக்காரர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, மேசையைப் படம் எடுத்துவிட்டுப் போனார்கள். மணி பதினொன்றரை ஆனது. பசியோடு போகப்போகிறானே, என் பிடிவாதத்தால் போகப்போகிறானே என்று அழுதேன்.

அப்போதுதான் காசிமிரோ ஏறி வந்தான். ஃபெர்மீனோடு ஒரே குழுவில் வேலை செய்தவன். தளம் இடிந்த அன்றைக்குக் காய்ச்சலென்று படுத்ததால் பிழைத்தவன்.

"வாய்யா பெரிய மனுஷா! மூணு வருஷமா வழி தெரியலையா?"

"மூஞ்சியக் காட்ட முடியல அண்ணி." வாசலுக்கு வெளியே நின்றுவிட்டான். "மேசையக் கொஞ்சம் வெளிய இழுங்க. வெயில்ல வச்சா ஜெபம் சொல்றேன். உள்ள சொல்ல மாட்டேன். நாளைக்கு நான் இங்கதான் இறங்கணும்."

"மூணு வருஷமா பத்தடிகூட வெளிய வராத மனுஷன, மேசைக்கு மட்டும் எப்பிடி வரச் சொல்றது?"

அவன் தலையைச் சொறிந்தான். "சட்டை ஏதாச்சும் இருக்கா? புள்ளைங்க பயந்துபோய் உசுரு வெளிய எங்கயாச்சும் நின்னுட்டா, அம்மாக்காரி சட்டைய ஆட்டி அதக் கூப்பிட மாட்டா? அதே மாதிரி கூப்பிடுங்க. நீங்க கூப்பிட்டா அண்ணன் வராம இருப்பாரா?"

அறைக்கு ஓடி ஃபெர்மீனின் மேல்சட்டையை எடுத்து வந்தேன். இருட்டைப் பார்த்து ஆட்டினேன்.

"ஃபெர்மீன்! வாய்யா, வா. அங்க இருக்காத. வெளிய வெயில் அடிக்குது, வா."

முகத்தை இருட்டுக்குக் காட்டியபடியே, ஒவ்வொரு அடியாகப் பின்னால் நடந்தேன். முதுகில் வெயில் பட்டதும் சட்டையைத் தரையில் விரித்தேன். காசிமிரோ மேசையை இழுத்து வந்தான். தொப்பியைக் கழற்றி, பரலோக மந்திரத்தை மூன்று தடவை சொன்னான். கடைசித் தடவை தேம்பித் தேம்பித்தான் சொன்னான். கீழே கோயில் மணி பன்னிரண்டு அடித்தது.

"அண்ணன் வயிறு நெறஞ்சு போயிட்டாரு அண்ணி," என்றான். மனித உருவ ரொட்டியை மடியில் கட்டிக்கொண்டு இறங்கினான்.

மனசு குளிர்ந்து போயிருந்தது. பாத்திரங்களைக் கழுவினேன், நாய்க்குச் சோறு வைத்தேன். சாயங்காலம் வழக்கம்போல வாசலில் போய் உட்கார்ந்தேன்.

"ஃபெர்மீன், இன்னிக்கு யாரு வந்தா தெரியுமா..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன். உள்ளே யாரும் இல்லை. நான்தான் கூப்பிட்டு வெளியே அனுப்பிவிட்டேன்.