காதோரத்துக் கிறீம்

தன் கொலஸ்ட்ரோல் குளிசைப் பெட்டிக்குள் இருந்த துண்டுத்தாளை இரத்தினசிங்கம் மூன்றாம் தடவையாகப் படித்தார். கிரேப்ஃபுரூட்டைத் தவிர்க்கவும் என்றிருந்தது. ஓய்வுபெற்ற கணக்காய்வாளர்; அச்சடித்த எதையும் படிக்காமல் விடமாட்டார். இந்தத் தாளை மட்டும் இன்றுவரை இரண்டு வருடமாக விட்டிருந்தார்.

குளியலறைத் தட்டில் இருந்த கிறீம் போத்தலிலும் அதே பழம், பாதியாக வெட்டப்பட்டு, ரோசா நிறத்தில் இளித்துக்கொண்டிருந்தது. மகள் சாம்பவி கனடாவிலிருந்து தாய்க்கு அனுப்பியது. முகம் பளபளக்குமாம், சுருக்கம் குறையுமாம். மனைவி சிவக்கொழுந்து கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து, மூன்று கிழமையாக இவரும் பூசிவந்தார். பாவம், காரணம் இருந்தது. வெள்ளவத்தைக் கல்யாணவீடொன்றில் யாரோ சிவக்கொழுந்திடம், “உங்கடை அப்பாவும் வந்தவரோ?” என்று இவரைக் காட்டிக் கேட்டுவிட்டார்கள். அவள் இல்லையென்றும் சொல்லவில்லை, ஓமென்றும் சொல்லவில்லை. சிரித்தாள்.

இன்றும் பூசியாயிற்று. இப்போது நெஞ்சு படபடத்தது. செத்தாலும் பரவாயில்லை; செத்தவீட்டில், ‘பெண்சாதியின்ரை கிறீமைக் களவாய்ப் பூசிப் போனவர்’ என்றல்லவா கதைப்பார்கள்!

பக்கத்துப் பாமசியில் கேட்டால், கேள்வி இவருக்கு முன்னமே வீட்டுக்கு வந்துவிடும். ஓட்டோ பிடித்துப் பாமன்கடைக்குப் போனார். அங்கே ஒரு பாமசியில் மருந்து கொடுக்கும் நஸ்லா என்ற பிள்ளையிடம் தாளை நீட்டினார்.

“பிள்ளை, என்ரை மனிசி இந்தப் பழக் கிறீம் பூசுறவ. இந்தக் குளிசையும் போடுறவ.”

“பழத்தச் சாப்பிட்டாங்களா? ஜூஸ் ஏதும்?”

“இல்லை, இல்லை. பூசினது மட்டும்.”

“அப்ப பயப்பட ஒண்டுமில்ல அங்கிள். சாப்பிட்டா, குடிச்சாத்தான் குளிசையோட பிரச்சினை.” அவள் இவருடைய காதைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள். “ஆனா பூசிட்டு வெயில்ல போக வேணாம், சில ஆக்களுக்குத் தோல் கறுத்துப் போகும். ராவைக்குப் பூசச் சொல்லுங்க. எரிஞ்சா நிப்பாட்டணும். ஆன்ட்டிக்குச் சொல்லுவீங்கதானே?”

“ஓமோம், சொல்லுறன்.”

கடற்காற்று வாங்கிக்கொண்டு நடந்தே திரும்பினார்.

சிவக்கொழுந்து திருநீற்றுடன் கதவைத் திறந்தாள். இவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“எங்கையப்பா போனனீங்கள், இந்தக் கோலத்திலை?”

“சும்மா, ஒரு நடை.”

அவள் கிட்ட வந்தாள். இவர் கண்ணை மூடிக்கொண்டார். காதோரம் தடிப்பாக அப்பிக்கிடந்த வெள்ளையை விரலால் வழித்தெடுத்தவள், அதை வீணாக்காமல் தன் கன்னத்தில் பூசிக்கொண்டு குசினிக்குள் போனாள்.