சிப்பி ஏறிய பாலம்

பிறர் வாயைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். சோறு போடுவது என்னவோ வாய்கள்தான். போர்ட் பிளேரில் ஒரு பல் டாக்டரின் லேப்பில் பல் செட் செய்கிறேன். பாதி விழுந்த வரிசை, தேய்ந்த கடைவாய், கோணல் பல் என்று ஊரார் வாய்களின் அச்செல்லாம் காலையிலிருந்து சாயங்காலம் வரை என் மேசையில் இளித்துக்கொண்டிருக்கும். இத்தனை வாயைப் பொறுத்துக்கொள்கிறவளுக்கு இன்னொரு வாயைப் பொறுத்துக்கொள்வது பெரிய காரியமா என்று அம்மா நினைத்திருக்க வேண்டும். சிலுவைராஜ் அத்தானை நான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆரம்பித்தது அவள்தான்.

சிலுவைராஜ் என் அக்கா சோனியாவின் புருஷன். அக்கா சுனாமியில் போய்விட்டாள். அவர் போகவில்லை. அதிலிருந்து ஐந்து வருஷமாக மின்னி பே பகுதியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து, செத்துப்போன அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, டீயைச் சாஸரில் ஊற்றி உறிஞ்சுவார். அந்தச் சத்தம் அடுப்படி வரை கேட்கும். கிறிஸ்துமஸ் முடிந்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் கோவிலில் ஓலை வாசிப்பதாகப் பேச்சு. மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் கல்யாண ஓலையை வாசித்துவிட்டால் அப்புறம் தாலிதான்.

சரி என்று சொன்னது நான்தான். யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. ஒரு பாலத்தை நம்பிச் சொன்னேன்.

அக்காவும் அத்தானும் குடியிருந்தது பத்தர்புல் பஸ்தி என்ற கடலோரக் குடியிருப்பில். ஓடை கடலில் சேரும் இடத்தில் வெள்ளைக்காரன் காலத்துக் கல்பாலம் ஒன்று உண்டு. பத்தர்புல் என்றால் இந்தியில் கல்பாலம்; பஸ்திக்குப் பெயரே அதை வைத்துத்தான். ஓடைக்கு ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் மேடும் காடும். அன்றைக்குக் காலையில் அத்தான் மேட்டுப் பக்கம் நின்றார். அக்கா வீட்டில் இருந்தாள், கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டோடு. பூமி ஆடியது. முதல் தண்ணீர் வந்து வற்றியது. அவளைத் தூக்கிவர அவர் பாலத்துக்கு ஓடினார். அவர் கண் முன்னாலேயே பாலம் நடுவில் பிளந்து விழுந்தது. அக்கா கோலை ஊன்றிக்கொண்டு அந்தக் கரையில் நின்று கையை நீட்டினாள், இவர் இந்தக் கரையில் நின்று கையை நீட்டினார். அடுத்த தண்ணீர் வந்தது.

ஒவ்வொரு வருஷமும் நினைவுப் பூசை முடிந்து கோவில் வாசலில் நின்று இதைச் சொல்வார். ‘கைய நீட்டினேன்’ என்ற இடம் வந்ததும் மூக்கை உறிஞ்சுவார். ஒரு வருஷம்கூட இடம் மாறாது. எனக்கு அந்த உறிஞ்சல் அருவருப்பு, டீ உறிஞ்சுவது அதைவிட அருவருப்பு. ஆனால் உடைந்த பாலத்துக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்ற மனுஷனைப் போய் இப்படி நினைக்கிறாயே, நீ ஒரு பெண்ணா என்று என்னையே திட்டிக்கொண்டேன். திட்டித் திட்டித்தான் சரி என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்தது.

ஐந்தாம் வருஷத்துக்கு மீனவர் சங்கம் நினைவுக் கூடம் ஒன்று கட்டியது. செயலாளர் வேறு யார், அத்தான்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் பத்தர்புல் பஸ்தி சின்ன அளவில் அப்படியே இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். கோவில் குடிலுக்கு வருஷா வருஷம் மலையும் பெத்லகேம் தெருவும் செய்கிறவள் நான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

“வீடு, தென்ன மரம் எல்லாம் சும்மா வச்சாப் போதும் செல்வி. பாலம்தான் ஏக்தம் அசலா இருக்கணும். நடுவுல உடைஞ்சிருக்கணும். இந்தப் பக்கம் நான் நிக்கணும், கைய நீட்டிக்கிட்டு” என்றார்.

“ஒங்களையுமா செய்யணும்?”

“பின்ன? பாக்க வர்ற ஆபீசர் சாப்மாருக்கு வெளங்க வேண்டாமா? மீசைய மறந்திராத.”

விரல் நீள மனுஷனுக்கு மீசை! சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

பாலத்தை எனக்குத் தெரிந்த குடில் முறையில் ஆரம்பித்தேன். தெர்மோகோலை வளைவாக வெட்டி, அதன்மேல் பிளாஸ்டரைப் பூசி, பாதி காய்ந்திருக்கும்போது பல்லில் காறை சுரண்டுகிற பழைய கொக்கியால் ஒவ்வொரு கல்லாகக் கீறினேன். கல் ஒன்றுபோல் ஒன்று இருக்கக் கூடாது. இருந்தால் செங்கல் சுவராகிவிடும். காய்ந்ததும் கறுப்பு பெயின்ட்டைத் தண்ணீராகக் கரைத்து மேலே ஊற்றி ஸ்பாஞ்சால் துடைத்தேன். இடுக்கில் கறுப்பு தங்கி, கல்லின் நெற்றி வெளுத்தது. அப்புறம் காய்ந்த தூரிகையில் துளி சாம்பல் நிறம் தொட்டு விளிம்புகளில் இழுத்தேன். பார்த்துச் செய்ய என்னிடம் ஒரு போட்டோ இருந்தது: கல்யாணத்துக்கு மறுநாள் அக்காவும் அத்தானும் பாலத்தில் நிற்பது. வற்றுநேரத்தில் எடுத்தது. தூண்களின் பாதம் வரை தெரியும். சிப்பிகள் பாதத்தில் மட்டும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். மேலே வெறும் கல். அதேபோல் செய்து வைத்தேன்.

அத்தான் பார்க்க வந்தார். மீன் செதில் ஒட்டிய விரலால் என் பாலத்தைத் தடவிப் பார்த்தார். அந்த இடத்தை அப்புறம் இரண்டு தடவை துடைத்தேன்.

“என்ன புள்ள, நேத்து கட்டுன மண்டபம் மாதிரி இருக்கு? சிப்பிய எங்க?”

“கீழ வச்சிருக்கேன் அத்தான். போட்டோல அப்படித்தான் இருக்கு.”

“போட்டோவ விடு. நான் சொல்லுதேன் கேளு. சிப்பி தூண் பூரா ஏறியிருக்கும். வளைவுக்கு உள்ள, அந்த நடுக் கல்லு இருக்குல்லா, அதுக்கு அடியில கொத்துக் கொத்தாத் தலகீழா தொங்கும். ஒவ்வொண்ணும் உள்ளங்கை அகலம். கைப்பிடிச் சுவருக்கு ஒரு முழம் கீழ வரைக்கும் பாசி கறுத்துக் கெடக்கும். அதுக்கு மேலதான் காஞ்ச கல்லு.” அவர் கண் மின்னியது. “சிப்பி எடுக்கிறவனுக்குத் தெரியாத எடமா? அந்த நடுக் கல்லுச் சிப்பி மாதிரி இந்தத் தீவுல எங்கயும் கெடைக்காது.”

இதுவரை அவர் பேசியதில் இவ்வளவு உண்மையாக ஒன்றைப் பேசி நான் கேட்டதில்லை. சரி, அந்த இடத்து ஆள் சொல்கிறார் என்று அப்படியே செய்தேன். பல் அச்சுகளைச் சீவும்போது விழுகிற சில்லுகள் லேப்பில் குப்பையாகக் கிடக்கும். அவற்றை அள்ளிவந்து பசை தொட்டுத் தூணெல்லாம் ஒட்டினேன். நடுக் கல்லின் அடியில் பாலத்தைக் கவிழ்த்து வைத்து நெருக்கி ஒட்டினேன். மரத்தூளில் கரும்பச்சைச் சாயம் கலந்து பாசி வைத்தேன். வெயிலில் வைத்துப் பார்த்தபோது எனக்கே உடம்பு கூசியது. அவ்வளவு அசல்.

இனி உடைக்க வேண்டியதுதான் பாக்கி. ரம்பத்தை எடுத்து நடுக் கல்லில் வைத்தேன். பக்கத்தில் போட்டோ கிடந்தது. போட்டோவையும் பார்த்தேன், பாலத்தையும் பார்த்தேன். கை நின்றுவிட்டது.

இந்தத் தீவுக்காரர் யாருக்கும் இது தெரியும். அன்றைக்கு ஆடிய ஆட்டத்தில் வடக்கே திக்லிபூர் பக்கம் நிலம் மேலே வந்தது, தெற்கே எங்கள் பக்கம் கீழே போனது. அதற்கு முன்னால் ஜெட்டியில் நாங்கள் உட்கார்ந்து கடலை தின்ற படிகள் இப்போது கடல் ஏற்றத்தில் முங்குகின்றன. வற்றினால் சிப்பி காலைக் கிழிக்கிறது. பத்தர்புல் பஸ்தியும் அப்படி முங்கித்தான் ஆளில்லாமல் போனது, அங்கே போய்ப் பார்க்கிறவரும் இல்லை. அத்தான் சொன்ன உயரத்துக்குக் கடல் வந்ததே சுனாமிக்குப் பிறகுதான். அதற்குப் பிறகுதான் சிப்பி ஏற முடியும். உள்ளங்கை அகலம் ஆக வருஷங்கள் வேண்டும். அந்தக் காலையிலேயே விழுந்துபோன நடுக் கல்லின் அடியில் அது எப்படித் தொங்கும்?

பாலம் விழவில்லை. நின்றிருக்கிறது. வருஷக்கணக்காக நின்று சிப்பி பிடித்திருக்கிறது. அதன் அடியில் இந்த ஆள் படகை விட்டுக்கொண்டு போய், கைநிறைய உரித்தும் எடுத்திருக்கிறான். சிப்பி எங்கே கொழுத்திருக்கிறது என்று சொல்கிற பெருமையில், தான் சொன்ன கதையையே மறந்துவிட்டான். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு ‘அவர்’ வாயில் வரவில்லை, ‘அவன்’தான் வருகிறது.

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கறி ஆகாது என்று அவன் எங்கள் வீட்டுக்குச் சிப்பிச் சதை கொண்டுவருவான். அம்மா தேங்காய் அரைத்துக் குழம்பு வைப்பாள். ருசியாக இருக்கிறது என்று நானே இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். இது நினைவுக்கு வந்ததும் கொல்லைக்கு ஓடினேன். தண்ணீரை அள்ளி அள்ளி வாயைக் கொப்பளித்தேன்.

மறுநாள் அந்தத் தெர்மோகோல் பாலத்திலிருந்து ரப்பர் அச்சு எடுத்தேன். லேப்பில் பிளாஸ்டர் தவிர மஞ்சள் மாவு ஒன்று உண்டு. பல் செட்டை வைத்து இறுக்கித் தட்டினாலும் உடையாத அச்சு வேண்டுமென்றால் அதைத்தான் குழைப்போம். டாக்டரிடம் கேட்டு வாங்கி, உள்ளே ஓட்டை இல்லாமல் கெட்டியாக முழுப் பாலத்தை வார்த்தேன். பழையபடி கறுப்பு, சாம்பல், பாசி. சிப்பி மட்டும் இன்னும் நெருக்கமாக. கூடத்துக்கு எடுத்துப்போய்ப் பலகையில் நான்கு மூலையிலும் ஸ்க்ரூ போட்டு முடுக்கினேன். மீசைக்காரனை நான் செய்யவே இல்லை.

திறப்புக்கு முந்தின நாள் மத்தியானம் அவன் என் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தான். கூடத்தில் வேறு யாரும் இல்லை. கண்ணாடி இன்னும் மாட்டவில்லை.

“என்ன செல்வி, இன்னும் உடைக்கலியா?”

“உடைஞ்சிச்சா அத்தான்?”

“வெளையாடாத புள்ள. நாளைக்குத் தொறப்பு.”

“நடுக் கல்லுக்கு அடியில சிப்பி தொங்கும்னு சொன்னிய. ஒங்க கல்யாணப் போட்டோல ஒண்ணுகூட இல்ல. நெலம் அமுந்துனதுக்கு அப்புறம்தான் அங்க ஏறியிருக்கும். அன்னைக்கே விழுந்த கல்லுல எப்படி அத்தான் ஏறுச்சு?”

அவன் என்னைப் பார்க்கவில்லை. பாலத்தைப் பார்த்தான். அடியில் குனிந்துகூடப் பார்த்தான். நிமிர்ந்தபோது நெற்றியில் வேர்த்திருந்தது.

“எல்லாரும் ஓடுனாவ. நானும் ஓடுனேன்” என்றான்.

அதோடு நிறுத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்திருக்கும். பயந்து ஓடுவது மனுஷ சுபாவம்தானே. அவன் நிறுத்தவில்லை.

“அவளும் வந்துக்கிட்டுத்தான் இருந்தா. கோலை ஊனி ஊனிப் பாதிப் பாலம் வந்துட்டா. என் பேரச் சொல்லிக் கூப்புட்டா. அந்த வேகத்துல வந்தா எப்ப வந்து சேருவா, நீயே சொல்லு? நான் நின்னிருந்தா நானும்லா போயிருப்பேன்? இப்ப ஒங்க வீட்டுக்கு ஆம்பள யாரு இருக்கா?”

அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ வாய்களை அச்செடுத்திருக்கிறேன், இப்படி ஒரு வாயைப் பார்த்ததில்லை. அக்கா அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதை ஏதோ அவள் செய்த தொந்தரவு மாதிரி சொல்கிறான். பாதிப் பாலம் வந்திருக்கிறாள். மாவுக்கட்டோடு. இவன் மேட்டில் ஏறிக்கொண்டிருந்திருக்கிறான்.

“இத வெளிய பேசிக்கிட்டு இருக்காத” என்றான். “பஸ், போதும். முடிஞ்சது முடிஞ்சுபோச்சு. இப்ப உடை இத.”

“நான் உடைக்க மாட்டேன்.”

“நீ என்ன உடைக்கிறது!”

முஷ்டியை ஓங்கி நடுக் கல்லில் குத்தினான். தென்னை மரங்கள் சாய்ந்தன, இரண்டு வீடுகள் பெயர்ந்து விழுந்தன, பலகையே எகிறியது. பாலம் அப்படியே இருந்தது. இன்னொரு குத்து விட்டான். அடியில் கையை விட்டு இழுத்தான். சில்லுகள் விரல்களைக் கிழித்தன. ரத்தம் பாசியில் வழிந்தது. திரும்பவும் குத்தினான். பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சு இரைக்க, திரும்பத் திரும்பக் குத்தினான். மூக்கை உறிஞ்சினான். அந்த உறிஞ்சல்தான், அதே உறிஞ்சல்.

அம்மா வாசல் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இத்தனையையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இடிந்துபோய்விட்டாள், பாவம், பெற்ற வயிறு இதை எப்படித் தாங்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்துவந்து அவன் தோளைத் தொட்டாள்.

“விடுங்க மாப்பிள்ள” என்றாள், அலுப்போடு. “அன்னைக்கும் அது உடையல.”

நான் அம்மா பக்கம் திரும்பினேன்.

“ஒனக்குத் தெரியுமாம்மா?”

“சுனாமி கேம்ப்புலயே தெரியும். தப்பிச்சு வந்தவ ஒருத்தி சொன்னா. அவ அந்தப் பாலத்துல ஏறித்தான் வந்தாளாம்.”

“தெரிஞ்சுமா என்னைக் கட்டிக்கச் சொன்ன?”

அம்மா அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரலில் குத்தியிருந்த ஒரு சில்லைத் தன் நகத்தால் மெதுவாக எடுத்தாள். முந்தானையை வைத்து அழுத்தினாள். அக்காவுக்குச் சின்ன வயசில் முள் குத்தினால்கூட அவள் இவ்வளவு பதமாக எடுத்து நான் பார்த்ததில்லை. அவன் வலிக்கிறது என்று முனகிக்கொண்டு குழந்தை மாதிரி கையைக் கொடுத்துக்கொண்டு நின்றான்.

“ஏட்டி செல்வி, ரத்தம் நிக்க மாட்டேங்கு. ஒம் பெட்டில பஞ்சு இருக்கும்லா, எடுத்தா” என்றாள்.

இருந்தது. பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு, ஓலை வாசிக்க வேண்டாம் என்று சொல்லச் சாமியார் வீட்டுக்கு நடந்தேன்.