சாம்சனின் வாய்

"இன்னொரு பல்லப் புடுங்குங்க டாக்டர்" என்றாள் ஆரோக்கியமேரி. கடையில் இன்னொரு கிலோ தக்காளி போடச் சொல்வது போலத்தான் கேட்டாள். பிடுங்க வேண்டிய வாய்க்குச் சொந்தக்காரன், அவள் புருஷன் சாம்சன், பக்கத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் மணவாளன் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கம் முப்பது வருஷமாகப் பல் பார்க்கிறவர். உலைக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற சிப்காட் தொழிற்பேட்டை ஆட்கள் அவருடைய ஊசியைக் கண்டால் வெலவெலத்துப் போவார்கள். அந்தப் பயந்தாங்கொள்ளிகளுக்காகவே மூக்கில் மாஸ்க் வைத்து மயக்க வாயு கொடுக்கக் கற்றுக்கொண்டார். முழு மயக்கம் இல்லை, பாதித் தூக்கம். பயம் போய்விடும், நாக்கும் கொஞ்சம் அவிழ்ந்துகொள்ளும். மாமியாரைத் திட்டியவர்கள், பழைய காதலியைக் கூப்பிட்டவர்கள் என்று எத்தனையோ பேரைப் பார்த்தாகிவிட்டது. எதையும் அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

சாம்சன் விஷயம் அப்படியில்லை. போன வருஷம் உருக்காலையில் உலை வெடித்தபோது, அவனோடு வேலையில் நின்றிருந்த லோகு அங்கேயே கருகிப் போனான். சாம்சன் உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லாமல் வெளியே வந்தான். அன்றைக்கு மூடிய வாய் மூடியதுதான். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, அதிர்ச்சிதான் என்று அனுப்பிவிட்டார்கள். கடைவாய்ப் பல் சொத்தையாகி இங்கே வந்த அன்று, மாஸ்க்கை வைத்ததும், "நாஷ்டா கட்டிட்டியா? கம்பெனி பஸ்ஸு வந்துரும்" என்றான். ஆரோக்கியமேரி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். மணவாளனுக்கும் கண் கலங்கிவிட்டது. வாயுவை நிறுத்தியதும் அவன் மறுபடியும் ஊமையானான்.

இரண்டாவது சொத்தைப் பல்லுக்கு வந்தபோது, "சோனி, மாடில துணி காயுது, மழ வருது பாரு" என்றான். யாரடா இந்தச் சோனி! மணவாளன் சங்கடத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆரோக்கியமேரி விறுவிறுவென்று புருஷனைக் கூட்டிக்கொண்டு போனாள். இனி இந்தப் பக்கம் வரமாட்டாள் என்றுதான் அவர் நினைத்தார்.

இப்போது வந்திருக்கிறாள், கூடவே ஒரு பெண்ணோடு.

"இவதான் டாக்டர் சோனியா. செத்துப்போன லோகுவோட பொண்டாட்டி."

"மேரி, அந்த நேரத்துல ஆளுங்க எதையாச்சும் உளறுவாங்கம்மா. அதப் புடிச்சிக்கினு சண்ட போடாத."

"நான் எங்க சண்ட போட்டேன்? எங்க ஊட்ல மாடியே கெடையாது. அவங்க ஊட்லதான் இருக்குது. இவரு எந்தக் காலத்துல நாஷ்டா கட்டிக்கினு போனாரு? கேன்டீன்லதான் துன்னுவாரு. மொத நாளு சந்தோசத்துல எனக்கு உறைக்கல." அவள் குரல் இறங்கியது. "பேசினது இவரு இல்ல டாக்டர். அந்தப் பள்ளிப்பட்டு இழுவக் கொரலு எனக்குத் தெரியும். வாராவாரம் எங்க ஊட்டுக்கு வந்து கறி துன்ன கொரலு."

மணவாளன் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. நண்பனின் பேச்சு மனதில் பதிந்திருக்கும், அதுதான் வெளியே வருகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சாம்சனின் வாயைத் திறந்து பார்த்தார். மீதிப் பற்கள் எல்லாம் திடமாக இருந்தன. நல்ல பல்லைப் பிடுங்கக் கூடாது, வேலையில்லாமல் வாயுவும் கொடுக்கக் கூடாது. இத்தனை வருஷத்தில் அதிலிருந்து அவர் பிசகியதே இல்லை. "சரி, கறை இருக்கு, சுத்தம் பண்ணிடறேன்" என்று ஒரு சாக்குச் சொல்லிவிட்டு வாயுவைத் திறந்தார். உண்மையில் அவருக்கும் அதைக் கேட்க வேண்டியிருந்தது.

சாம்சனின் தோள்கள் தளர்ந்தன. வெளியே டிரெய்லர் லாரி ஒன்று போனதில் தட்டிலிருந்த கருவிகள் கிணுகிணுத்தன.

"சோனி, வந்துக்கிறியா?"

பள்ளிப்பட்டுப் பக்கத்து ஆட்களின் தெலுங்கு வாடையடிக்கும் இழுவைப் பேச்சு. கும்மிடிப்பூண்டியிலேயே பிறந்து வளர்ந்த சாம்சனின் வாயிலிருந்து அது வந்தது.

"இன்னா, இப்டி எளச்சிப் போய்ட்ட?"

சாம்சனின் கண்கள் மூடியிருந்தன. மணவாளனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சோனியாவுக்குப் பயமே இல்லை. சாம்சனின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

ஆரோக்கியமேரி மறுபக்கம் குனிந்தாள். "லோகு அண்ணா, மூடின பொட்டில வெச்சி எடுத்துக்கினு போனது உன்னத்தானே? நீ இங்க இருந்தா என் ஊட்டுக்காரரு எங்க?"

ஏசி அறையில் சாம்சனின் நெற்றி வியர்த்தது.

"உள்ளதான் கீறான்மா. எனுக்குப் பின்னால நின்னுக்கினு கத்தறான். உனுக்குக் கேக்கலியா?"

ஆரோக்கியமேரி டாக்டரின் கையைப் பற்றினாள். "இன்னும் கூட்டி வைங்க டாக்டர். அவரு முன்னால வரட்டும்."

"வாணாம்! எங்க ஊட்டுக்காரரு போய்டுவாரு" என்று சோனியா அவருடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

மணவாளன் வாயுவைத் திருகும் குமிழைப் பார்த்தார். கொடுக்கலாம் என்கிற அளவு முடிந்துவிட்டது. கூட்டினால் மூச்சுக்கு ஆபத்து. நிறுத்திவிட்டால் ஆரோக்கியமேரியின் புருஷன் உள்ளேயே கிடப்பான். இரண்டு பெண்களின் கைகளுக்கு அடியில், குமிழின் மேல் அவர் கை எந்தப் பக்கமும் திரும்பாமல் நின்றது.

யாரும் திறக்கச் சொல்லாமலே சாம்சனின் வாய் அகலமாகத் திறந்தது. உள்ளேயிருந்து வந்த காற்று உலை அனலாகச் சுட்டது. சோனியா கையை உதறிக்கொண்டு பின்வாங்கினாள். ஆரோக்கியமேரி மட்டும் நகரவில்லை. முந்தானையை ஒதுக்கிவிட்டு, காதை அந்த வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.