தாழ்ப்பாளும் இரண்டாம் பத்தியும்

மார்ச் 12, வியாழன்.

இன்று ஒரு சிறு பிழை செய்தேன். குளியலறைத் தாழ்ப்பாளை இடப்பக்கம் தள்ள வேண்டும் என்று வீட்டுக்கு வந்த ஆசிரியருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். வலப்பக்கம். பதினோரு வருடமாக என் கை சரியாகத்தான் தள்ளுகிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

வரிசையாக எழுதுகிறேன். வரிசை தவறினால் எனக்கு நிம்மதி இருக்காது.

மாலை வகுப்பின் தத்துவ ஆசிரியர் ஐந்தரைக்கு வந்தார். காரணம் என் கட்டுரையின் இரண்டாம் பத்தி: "எதை வாயால் சொல்ல முடியாதோ அது அறிவு அல்ல. உதாரணம், என் அக்காவின் பக்தி." அக்கா தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு நிமிடம் கண்மூடி நிற்பாள். ஏன் என்று கேட்டால், "சொல்லத் தெரியலடி. ஆனா தெரியும்" என்பாள். அதையும் மேற்கோளாகப் போட்டிருந்தேன், அவளைக் கேட்காமலே.

"வகுப்புல வாசிக்கணும்னா அவங்க சம்மதம் வேணும்மா," என்றார் ஆசிரியர். கட்டுரையை மேசையில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனார். கதவைத் தாழிட்டார்.

போச்சு. அந்தத் தாழ்ப்பாள் எங்கள் வீட்டாருக்கு மட்டும்தான் திறக்கும்.

கதவுக்கு அடியில் தாள் தாளாகத் தள்ளினேன். முதல் தாளில் ஐந்து படிகள். இரண்டாவதில் ஒன்பது, படத்தோடு.

"நாலாவது படியில 'கொஞ்சம்' தூக்கணும்னு இருக்கே. கொஞ்சம்னா எவ்வளவு?"

"வழக்கமா தூக்குற அளவு சார்!"

"யாரோட வழக்கம்?"

அந்த நேரம் பார்த்து அக்கா வந்தாள். பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். பையை மேசைமேல் வைத்தாள்; கட்டுரையைக் கையில் எடுத்தாள். கதவைப் பார்ப்பதா, கட்டுரையைப் பிடுங்குவதா? திருதிருவென விழித்தேன். அவள் இரண்டாம் பத்திக்கு வந்துவிட்டது புருவத்தில் தெரிந்தது.

"உள்ள யாரு?"

"எங்க சார்."

"இதைப் படிச்ச சாரா?"

"ம்."

"அப்ப கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

உள்ளேயிருந்து பாவமாக ஒரு தும்மல் கேட்டது. அக்கா பெருமூச்சு விட்டாள். கதவருகே போய், வேலையில் ஊசி குத்தும் முன் எல்லாரிடமும் பேசும் அதே குரலில் சொன்னாள்: "கையை இறுக்காதீங்க சார். தளர விடுங்க. அங்க பார்க்காதீங்க. காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"காலையிலயா? ரெண்டு முட்டை, அப்புறம்..."

டக்.

என் ஒன்பது படிகளையும் மிதித்துக்கொண்டு ஆசிரியர் வெளியே வந்து விழுந்தார்.

"எப்படித் திறந்தீங்க சார்?" நோட்டும் பேனாவுமாக நின்றேன்.

"சொல்லத் தெரியலம்மா." சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ. ஆனா தெரியும்!"

தெரியும் என்று காட்ட மறுபடி உள்ளே போய்த் தாழிட்டார். டக். வந்தார். மறுபடி போனார். டக். ஐந்தாவது முறை அக்காவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்தது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"இதனால உங்க சாமி இருக்குன்னு ஆகிடாது," என்றார் ஆசிரியர், மூச்சு வாங்க.

"நான் கேக்கவே இல்லையே சார். நீங்க வெளிய வந்தீங்கல்ல, அது போதும்." விக்கலோடு என் பக்கம் திரும்பினாள். "சொல்லத் தெரியாதவள்னா, அவளை ஒரு வார்த்தை கேக்கவும் வேண்டாமாடி?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அப்ப சம்மதம்?" என்றார் ஆசிரியர்.

"இப்படியே இருந்தா கிடையாது. இந்தக் கதவையும் எழுதச் சொல்லுங்க, அப்புறம் பார்க்கலாம்."

நாளை: ஆறு மணிக்கு அக்கா வந்ததும், அவளை எதிரே உட்காரவைத்து இரண்டாம் பத்தியை முதலிலிருந்து எழுத வேண்டும்.