தழைக்குத் தோதான கடை

லிஃப்ட் பழுது பார்ப்பவர்கள் மத்தியில் அவனுக்குத் 'தழை' என்று பெயர். கறி, மீன், முட்டை எதையும் தொடாதவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வரும் சோறோ மோட்டார் அறைச் சூட்டில் மதியத்துக்குள் ஊசிப்போய்விடும். ஆகவே எந்தத் தெருவில் வேலையோ, அந்தத் தெருவில் அவன் வயிற்றுக்கு ஒரு கடை தேடியாக வேண்டும். கூட்டாளி குண்டண்ணனும் பின்னாலேயே நடந்தாக வேண்டும். "எண்ணெய் தனியாங்க? கரண்டி தனியாங்க?" என்று தழை விசாரிக்க, கடைக்காரர் திருதிருவென்று முழிக்க, இருவரும் அடுத்த கடைக்கு நடப்பார்கள். வெயில் மட்டும் எல்லாக் கடை வாசலிலும் தாராளமாகக் கிடைத்தது.

அன்று காலை மேற்பார்வையாளர் தழையைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உன் ஆளு ஜோடி மாத்திக் கேக்கறாரு. உன்கூட சுத்தினா பசியிலயே செத்துருவாராம். சாயந்திரம் முடிவு சொல்றேன்னிருக்கேன்."

லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று வேலை செய்பவன் தழை. மேலே மோட்டார் அறையில் சுவிட்சை யாரும் போட்டுவிடாமல் காப்பவர் குண்டண்ணன். அந்தக் கை அங்கே இருக்கிற தைரியத்தில்தான் இவன் இருட்டுக்குள் கால் வைக்கிறான். புதிதாக ஒருவன் கையை நம்பிப் பழகுகிற தெம்பு அவனிடம் மிச்சமில்லை.

மதியம் அவனே முந்திக்கொண்டான்.

"அண்ணே, இன்னிக்கு பக்கத்துக் கடையிலயே சாப்பிடுவோம். உங்களுக்குப் பிடிச்சது."

குண்டண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "உடம்புக்கு ஏதாவதா?"

"நல்லாத்தான் இருக்கேன். வாங்க."

அண்ணனுக்குக் கறிக்குழம்பு வந்தது. பரிமாறுபவர் அதே கரண்டியை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, உருளைக்கிழங்குக் குழம்புக்குள் விட்டு மொண்டு தழையின் சோற்றில் ஊற்றினார். மற்ற நாளாயிருந்தால் தழை அதற்குள் தெருவில் இருப்பான். இன்று பசை போட்டு ஒட்டினாற்போல உட்கார்ந்திருந்தான். பிசைந்தான். ஒரு கவளத்தை வாய்வரை கொண்டுபோனான். திரும்பத் தட்டிலேயே வைத்தான். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பிசைந்தான்.

"என்னடா, சோத்துக்கு மசாஜா?"

"ருசியா இருக்குண்ணே."

"இன்னும் வாயிலயே வைக்கலியே."

தழையின் கை நின்றது. "மேற்பார்வையாளர் சொன்னாருண்ணே. நீங்க ஜோடி மாத்திக் கேட்டதை."

குண்டண்ணன் எலும்பைத் தட்டில் வைத்தார். "அந்தாள் வாயில எதுவும் தங்காது." கொஞ்சநேரம் விரலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "பசி இல்லடா. முட்டி வலி. மாடிப்படிகூட மெதுவா ஏறிடுவேன். உன் பின்னாடி வெயில்ல அலையறதுதான் முடியல. முட்டின்னு சொன்னா அந்தாள் என்னை வீட்டுல உக்காரவெச்சுருவான். அதான் பழியைத் தூக்கி உன் வயித்து மேல போட்டேன்."

அவர் பின்தங்கி வரும்போதெல்லாம் 'ஆமை' என்று கேலி செய்தது தழைக்கு ஞாபகம் வந்தது. ஒரு உயிருக்கும் தீங்கு செய்யாதவன் என்று தன்னைப் பற்றி அவனுக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு. பின்னால் நொண்டி வந்த உயிரை அவன் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேண்ணே."

"சொன்னா நீ பட்டினி கிடப்பே. தலை சுத்தறவனைப் பெட்டி மேல நிக்கவெச்சுட்டு நான் சுவிட்சைப் போடவா?"

மின்விசிறி வேண்டாவெறுப்பாகச் சுற்றியது.

"நாளையிலேர்ந்து நீங்க நிழல்ல உக்காருங்க," என்றான் தழை. "நான் போய் வாங்கிட்டு வர்றேன்."

"ரெண்டு பேருக்கும் கீரையா?"

"உங்களுக்கு உங்க சாப்பாடுதான்."

"கறியை நீ கையில தூக்கிட்டு வருவியா?"

தழை நீண்டநேரம் யோசித்தான். "மூடி இறுக்கமா இருந்தா."

குண்டண்ணன் இடதுகையால் போனை எடுத்தார். "சார், ஜோடி மாத்த வேணாம். பசியா? அது பழகிப்போச்சு சார்." போனை வைத்துவிட்டுத் தழையின் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீ போய் நாலு வாழைப்பழம் தின்னுட்டு வா. நான் இங்கயேதான் இருப்பேன்."